அரை பாட்டில் கடல்

தூண்டிலை வீசுவதற்கு முன்னால் ஜெயவேல் கடலில் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொள்வார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான். மேலே ஒட்டியிருந்த லேபிளைச் சுரண்டி எடுத்து, கோந்துப் பிசுக்குப் போக மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார். எர்ணாவூர்ப் பக்கம் கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல், பேண்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, ஒரு அலை வந்து திரும்பி அடுத்தது வருவதற்குள் குனிந்து பாதி பாட்டிலை நிரப்புவார். நுரை அடங்குகிறவரை காத்திருப்பார். பிறகு அன்றைக்கு எடுத்துவந்த தூண்டில் முள்ளைத் தங்கூசி என்கிற நைலான் நரம்போடு உள்ளே இறக்கி, நரம்பின்மேலேயே மூடியைத் திருகி, பாட்டிலைப் படுக்கவைத்துச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். மெல்ல இந்தப் பக்கம் சாய்ப்பார், அந்தப் பக்கம் சாய்ப்பார். முள்ளில் கட்டியிருக்கும் கோழி இறகு தண்ணீருக்குள் விரியும், சுருங்கும். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அதையே பார்ப்பார்.

பார்த்து முடித்ததும் முள்ளை வெளியே எடுத்து, சட்டைப் பையிலிருந்து மீசை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, இறகில் இரண்டு இழையை நறுக்குவார். மறுபடி பாட்டில். மறுபடி சூரியன். மறுபடி ஒரு இழை.

"மாமு, மூத்திரம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலைக்கி சேந்துரு. கை நெறைய சம்பளம்" என்பான் ஃப்ரெடி. அதற்குள் அவன் நாலு வீச்சு வீசியிருப்பான்.

"நீ வீசிக்கினே இரு. மீனு உன்னாண்ட பேசிக்கினே இருக்கும். என்னாண்டதான் சாப்புடும்" என்பார் ஜெயவேல்.

பல வருஷம் இது உண்மையாகவும் இருந்தது.

ஜெயவேலுக்கு ஐம்பத்தொரு வயது. வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாவது மாடி. எர்ணாவூர்ச் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் இருபத்திரண்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறார். எழுபதடி உயரத்தில் ஒரு கேபின், தரையும் கண்ணாடி. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கீழே பார்த்தபடி, லாரியின் முதுகிலிருந்து பெட்டியைத் தூக்கி அடுக்கில் வைப்பதும், அடுக்கிலிருந்து எடுத்து லாரியில் வைப்பதும்தான் வேலை. பெட்டியின் நாலு மூலையிலும் நாலு ஓட்டை இருக்கும். மேலிருந்து இறங்கும் இரும்புச் சட்டத்தின் நாலு பூட்டும் அந்த நாலு ஓட்டையில் உட்கார வேண்டும். ஜெயவேல் இறக்கினால் ஒரே தடவையில் உட்காரும். கீழே நின்று கொடியும் வாக்கி-டாக்கியுமாகச் சைகை கொடுக்கிற ஆட்களில் ஒருவன்தான் ஃப்ரெடி. ராயபுரத்துக்காரன். அவன் அப்பாவும் பெரியப்பாவும் கடலுக்குப் போனவர்கள். இவன் மட்டும் கரையில் நின்று இரும்புப் பெட்டிகளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான்.

இறகு கட்டுகிற பழக்கம் ஜெயவேலுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஷிப்ட் முடிந்து கல்லில் குந்தியிருந்தபோது, யாரோ அறுத்துவிட்டுப்போன முள் ஒன்று பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்தது. இரை எதுவும் இல்லை. வெள்ளை இறகும் சிவப்பு நூலும் மட்டும். வீட்டுக்கு எடுத்துவந்து, நூலை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். முப்பத்தெட்டுச் சுற்று. எந்தச் சுற்றுக்குப் பிறகு இறகு, எந்தச் சுற்றுக்குப் பிறகு முடிச்சு என்று கேலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். பிறகு அதே மாதிரி திருப்பிக் கட்டினார். முதல் நாற்பது கட்டும் பூனை வாந்தியெடுத்த மாதிரி இருந்ததாக மனைவி கெங்கம்மா சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிடுவாள்.

இறகு, புளியந்தோப்புக் கறிக்கடையில். "சூப்புக்கா?" என்று கடைக்காரர் முதலில் கேட்டார். "மீனுக்கு" என்றதும், அதற்குப் பிறகு எதுவும் கேட்காமல் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். பளபளப்புக்கு, கெங்கம்மாவின் கல்யாணப் புடவை முந்தியிலிருந்து உருவிய ஜரிகை. முடிச்சு அவிழாமலிருக்க, மகள் எழில்மொழியின் நகப்பாலீஷ். ஃப்ரெடி இதற்குப் பூச்சி என்று பேர் வைத்தான். சின்ன மீனைப் போலக் கட்டிய பொருளுக்குப் பூச்சி என்ற பெயர் ஜெயவேலுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதுவே நின்றுவிட்டது.

அவர் கண்டுபிடித்துக்கொண்ட சங்கதி இவ்வளவுதான். கலங்கின தண்ணீரில் மீனுக்குக் கண் தெரியாது. அதனால் பூச்சி தடிமனாக, கறுப்பாக, ஜரிகையோடு இருக்க வேண்டும். தெளிந்த தண்ணீரில் மீன் எல்லாவற்றையும் பார்த்துவிடும்; அதனால் வெள்ளையாக, இழை இழையாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருக்க வேண்டும். வெயில் ஏறினால் ஜரிகை ஆகாது. அலை பெரிதாக இருந்தால் இறகு நீளம் ஆகாது, போய் முள்ளைச் சுற்றிக்கொள்ளும். கரையோரம் நெத்திலி கூட்டம் வந்திருந்தால் பூச்சியும் நெத்திலி நீளம்தான். கல்லின்மேல் உட்கார்ந்து இறகைச் சேர்த்துக் கட்ட முடியாது, நறுக்கத்தான் முடியும். அதனால் வீட்டில் எப்போதும் கொழுக்கவே கட்டிக்கொண்டு வருவார். மீதி வேலையைப் பாட்டிலும் கத்தரிக்கோலும் பார்த்துக்கொள்ளும்.

போன வருஷம் கார்த்திகையில் மழை கொட்டியது. கொசஸ்தலையாறு கொண்டுவந்து தள்ளிய மண்ணில் கடல் டீக்கடைக் கழுநீர் மாதிரி கிடந்தது. ஜெயவேல் கத்தரிக்கோலை வெளியே எடுக்கவே இல்லை. கொழுத்த கறுப்புப் பூச்சிகளை அப்படியே வீசினார். இரண்டு நல்ல பாரை கிடைத்தது, கொடுவா ஒன்று. கொடுவாவைக் கெங்கம்மா பாதி குழம்பாகவும் பாதி வறுவலாகவும் செய்து, மாடியில் எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

தை பிறந்தது. வழக்கமாகப் பொங்கல் கழிந்தால் கடல் அடங்கிவிடும். ஜெயவேலின் பாட்டிலில் மட்டும் அடங்கவில்லை.

"இன்னும் கலங்கல்தான்டா" என்றார். பாட்டிலைச் சூரியனுக்கு நேரே பிடித்திருந்தார். "மழ வுட்டு ஒன்ற மாசம் ஆச்சி. ஆத்துத் தண்ணி இன்னும் வந்துகினே கீது பாரு. மஞ்சளா."

ஃப்ரெடி அப்போதுதான் கையளவு பாரை ஒன்றை இழுத்துப் போட்டிருந்தான். "கலங்கலா? எங்க மாமு?"

"தோ. கண்ணு தெரீல?"

ஃப்ரெடி பாட்டிலை வாங்கிப் பார்த்தான். உள்ளே கறுப்புப் பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது; ஜரிகையின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. பாட்டிலுக்கு அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு கப்பல், தலைகீழாக. அவன் பாட்டிலை இறக்கி ஜெயவேலின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவருடைய சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தான். அதன் மூக்கில் துரு ஏறியிருந்தது.

"ஆமா மாமு" என்றான். "கொஞ்சம் கலங்கித்தான் கீது."

அன்றைக்கு ஜெயவேலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரம் ஃப்ரெடிக்கு நாலு. இவருக்கு ஒரு பாசிக்கொத்து. நரம்பை மாற்றினார். முள்ளை மாற்றினார். பாரிமுனைக்குப் போய்ப் புது ரீல் வாங்கிவந்தார். இன்னும் கறுப்பாக, இன்னும் தடிமனாகக் கட்டினார். ஒரு கட்டு கடைசியில் ஷேவிங் பிரஷ் அளவுக்கு வந்து நின்றது.

"நைனா, இத்தப் பாத்தா மீனு பயந்து மகாபலிபுரம் போயிரும்" என்றாள் எழில்மொழி.

"தண்ணி அப்படி கீதும்மா. நீ வந்து பாரு தெரியும்."

மாசி மாதத் தொடக்கத்தில் ஃப்ரெடி ஷிப்ட் மாறி வந்தான். அதுவரை அவன் மத்தியான ஷிப்ட். வார விடுமுறை மட்டும்தான் இருவருக்கும் ஒரே நாள். இப்போது ஜெயவேலின் காலை ஷிப்டில், ஜெயவேலின் கிரேனுக்குக் கீழேயே வந்து நின்றான்.

"இன்னாடா திடீர்னு?"

"மாமியாருக்கு முடியல மாமு. ஜூடி மத்தியானத்துக்கு மேல வேலைக்கிப் போயிடுது. நான் வூட்ல இருந்து அது அம்மாவப் பாத்துக்கணும்."

"அடப்பாவமே. இன்னா பண்ணுது?"

"வயசாயிடுச்சு இல்ல" என்றான் ஃப்ரெடி, ஹெல்மெட் வாரை இழுத்துவிட்டுக்கொண்டே.

அந்த வாரமே ஜெயவேல் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி அவனிடம் கொடுத்தார். மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஷிப்ட் மாறுகிற ஆம்பளையை அவர் அதுவரை பார்த்ததில்லை. கெங்கம்மாவிடம் சொன்னார். "நீயும் கத்துக்கயா" என்றாள் அவள்.

கீழே வந்து நின்றதிலிருந்து ஃப்ரெடியின் வாய் ஓயவில்லை. சைகை கொடுக்கிறவன் "எடு", "வை", "நிறுத்து" என்று மூன்று வார்த்தை பேசினால் போதும். இவன் வாக்கியில் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஓட்டினான். "மாமு, நீலப் பெட்டி. மூணாவது வரிசை, மேல் தட்டு. பக்கத்துல இருக்கறது பச்சை, அத்த வுடு. ரெண்டு இஞ்ச் ரைட்ல வா. இன்னும் ஒண்ணு. தோ, குந்திச்சு."

"எனக்குத் தெரியாதா? இன்னாடா ரேடியோ கணக்கா பேசிக்கினே கீற?"

"போர் அடிக்குது மாமு. கீழ நின்னுகினு நான் இன்னா பண்றது, சொல்லு."

ஒருநாள் மத்தியான வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம். சட்டத்தை இறக்கினார். மூன்று பூட்டு உட்கார்ந்தது, நாலாவது உட்காரவில்லை. அவருக்கு நாலும் உட்கார்ந்த மாதிரிதான் தெரிந்தது. கைப்பிடியை இழுக்கப் போனார்.

"மாமு! நிறுத்து!" இந்தமுறை அது வர்ணனைக் குரல் இல்லை. "தூக்காத. எறக்கு. நாலு இஞ்ச் லெஃப்ட்."

கீழே லாரிக்காரர் ஒன்றும் தெரியாமல் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில்டா" என்றார் ஜெயவேல். "கண்ணாடிய தொடச்சே ஒரு மாசம் ஆவுது. எவனும் தொடைக்க மாட்றான்."

"ஆமா மாமு, வெயில்தான்" என்றது வாக்கி.

பங்குனியில் ஒரு விடுமுறை நாள். ஃப்ரெடி கோயிலுக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டதால் ஜெயவேல் கல்லுக்குப் போகவில்லை. காலையில் டிவிக்குப் பக்கத்துப் புத்தர் சிலைக்குப் பின்னாலிருந்து இறகு டப்பாவை எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து புதிதாக ஒன்று கட்டினார். இரட்டை ஜரிகை. கலங்கல் தண்ணீரில் அது எவ்வளவு மின்னும் என்று பார்க்க ஆசை. கடல் கைக்கெட்டவில்லை, சரி, எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன என்று பாட்டிலை எடுத்து, அடுப்படியில் இருந்த கேனிலிருந்து பாதி பிடித்தார். பூச்சியை இறக்கினார். மூடியைத் திருகினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

மஞ்சளாகக் கலங்கியிருந்தது.

"கெங்கா! இன்னா தண்ணி இது? கலீஜா கீது. கேன்காரன் எங்கிருந்து புடிச்சிக்கினு வந்தான்?"

கெங்கம்மா கரண்டியோடு வந்து பார்த்தாள். "நேத்து போட்ட கேனுயா. நல்லாத்தான கீது."

"நல்லா கீதா? ஆத்துத் தண்ணி மாதிரி கீது."

"எழிலு, இங்க வா. உங்கப்பனுக்குக் காலையிலயே இன்னாவோ ஆயிடுச்சு."

எழில்மொழி வந்து பாட்டிலைப் பார்த்தாள். கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்தே காட்டினாள். "கிளீனா கீது நைனா."

ஜெயவேல் பாட்டிலைக் கொட்டிவிட்டு வேறு பாட்டில் எடுத்துப் பார்த்தார். அதுவும் மஞ்சள். கண்ணாடி டம்ளரில் பிடித்தார். மஞ்சள். வலது கண்ணைக் கையால் பொத்தினார். மஞ்சள் கொஞ்சம் குறைந்தது. இடது கண்ணைப் பொத்தினார். தண்ணீர், டம்ளர், ஜன்னல் கம்பி, எதிர் மாடியில் காயும் வேட்டி, எல்லாவற்றின்மேலும் பழைய செய்தித்தாள் நிறம் இறங்கியது. கையை எடுக்காமல் அப்படியே வெகுநேரம் நின்றார்.

பிறகு டப்பாவைத் திறந்து மகளின் முன்னால் வைத்தார். "இது இன்னா கலரு?"

"நீலம்."

அது அவருக்குக் கறுப்பு. "இது?"

"மஞ்சள், நைனா. லேசா மஞ்சள்."

அதை அவர் டப்பாவில் வெள்ளை இறகு அறையில் போட்டுவைத்திருந்தார். பக்கத்தில் இருந்த நாலும் அதே.

தையிலிருந்து கடலைத் திட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. கிரேன் ஞாபகம் வந்துவிட்டது.

யார்டில் வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. இன்னும் மூன்று வாரத்தில் வரும். அதைப் பற்றி ஆபரேட்டர்கள் யாரும் கவலைப்படுவதில்லை. டாக்டர் கொண்டுவருகிற எழுத்து அட்டை பதினோரு வருஷமாக ஒரே அட்டை. மேலிருந்து கீழ்வரை எல்லா வரியும் எல்லாருக்கும் மனப்பாடம்; ரிட்டையர் ஆகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்துவிட்டுப் போவார்கள். ஜெயவேலே இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். புள்ளி புள்ளியாக எண் தெரிகிற புத்தகமும் அப்படித்தான். எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வாயைத் திறக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். திறந்தால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள். திரும்ப ஏற்றுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. போன வருஷம் முதுகுவலி என்று இறங்கிய செங்குட்டுவன் இன்னமும் கேட்டில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தாலும் அங்கேதான் இருப்பார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

கெங்கம்மாவிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "கண்ணுல பொரைன்னா ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்யா. எங்க இஸ்கூல் டீச்சரு பண்ணிக்கினாங்க."

"கண்ணு சரியாயிடும். கிரேன் சீட்டு?"

அவள் எழுந்துபோய் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். "நாஸ்தா துண்ணு, அப்பால பாத்துக்கலாம்" என்றாள்.

மறுநாள் ஷிப்டுக்குப் போனார். ஏணிப் படிகளைக் கை தானாகப் பிடித்து ஏறியது. சீட்டில் உட்கார்ந்து, வாரை மாட்டி, முழங்கால்களுக்கு நடுவில் கீழே பார்த்தார். முதல் லாரி வந்து நின்றிருந்தது. ஃப்ரெடி அதன் வாலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். அவனுடைய ஹெல்மெட் மஞ்சள் தண்ணீர் தெளித்த நிறத்தில் இருந்தது. யார்டில் சைகைக்காரர்களுக்கு வெள்ளை ஹெல்மெட்தான் என்பது இருபத்திரண்டு வருஷமாக அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் பையன் ஹெல்மெட்டைக் கழுவவே மாட்டானா என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"மாமு, செவப்புப் பெட்டி. ரெண்டாவது வரிசை" என்றது வாக்கி.

கல்லின்மேல் தப்பான பூச்சியைப் போட்டால் மீன் வராது. அவ்வளவோடு போயிற்று. சட்டத்தை இறக்குகிற கைப்பிடியில் அவர் கை இருந்தது. நேரே கீழே அந்தத் தொப்பி. கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"ஃப்ரெடி. நான் எறங்குறேன்."

"இன்னா மாமு, இப்பத்தான ஏறின? ஒண்ணுக்கா?"

"இல்லடா. கண்ணு."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"மெதுவா எறங்கு மாமு" என்றான் ஃப்ரெடி. "கம்பியப் பாத்துப் புடி. நான் ஏணியாண்டயே நிக்கிறேன்."

சூப்பர்வைசர் அறையில் இருந்த மூன்று பேரும் முதலில் வேடிக்கை என்றுதான் நினைத்தார்கள். "இன்னும் மூணு வாரத்துல மெடிக்கல் வருது. நீங்களா வந்து சொல்றீங்களே" என்றார் சூப்பர்வைசர், குரலைத் தாழ்த்தி. அவரும் பழைய ஆபரேட்டர். அட்டை அவருக்கும் மனப்பாடம். ஜெயவேல் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடைசியில் சூப்பர்வைசர் ஒரு தாளை எடுத்து எழுதினார். யார்டு டாக்டரின் சான்று செல்லாது, ஆபரேஷனுக்குப் பிறகு வெளி ஆஸ்பத்திரியில் பரிசோதித்து நல்ல சான்று கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கப்படும் என்று. 'யோசிக்கப்படும்' என்ற வார்த்தையை ஜெயவேல் இரண்டு தடவை படித்தார்.

சித்திரை முழுக்கக் கேட்டில் செங்குட்டுவனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லாரி நம்பரைச் செங்குட்டுவன் வாசிக்க, இவர் எழுதினார். "உன் கண்ணும் என் முதுகும் சேந்தா ஒரு ஆளு தேறும்" என்றார் செங்குட்டுவன். கிரேனில் வேறு ஒருத்தர். நிமிர்ந்து பார்த்தால் கேபின் தெரியும். அவர் அதிகம் நிமிரவில்லை.

வலது கண் வைகாசியில், எழும்பூர் ஆஸ்பத்திரியில். இடது கண் ஆனியில். முதல் கட்டைப் பிரித்த அன்று நர்ஸின் சேலையைப் பார்த்து, "இத்தினி நீலமா?" என்று கேட்டார். அது தினம் வந்த அதே சேலைதான் என்று கெங்கம்மா சொன்னாள்.

பார்க்க வந்த ஃப்ரெடியைக் கண்டதும், "இன்னாடா இத்தினி நரை?" என்றார்.

"ரெண்டு வருஷமா கீது மாமு."

"நான் வேப்பெண்ண மினுக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"ஆமா, தினம் தலைக்கு வேப்பெண்ண தடவிக்கினு டூட்டிக்கி வருவாங்க" என்று ஃப்ரெடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

ஆடியில் டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு கல்லுக்குப் போனார்கள். மேற்கிலிருந்து தரைக்காற்று, கடல் அலை இல்லாமல் படுத்திருந்தது. ஜெயவேல் பாட்டிலை நிரப்பித் தூக்கிப் பிடித்தார். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. சாய்த்த பிறகுதான் மட்டம் தெரிந்தது. முந்தின நாள் கட்டிய பூச்சி வெள்ளை. எழில்மொழியைக் கேட்காமல் அவரே எடுத்த வெள்ளை. அது தண்ணீரில் குடை மாதிரி விரிந்து நின்றது. மிகவும் அதிகம். நறுக்கவேண்டும்.

கத்தரிக்கோல் திறக்கவில்லை. துரு இரண்டு அலகையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருந்தது. கல்லில் தட்டிப் பார்த்தார், எச்சில் தொட்டுப் பார்த்தார். கடைசியில் பூச்சியைப் பல்லுக்கிடையில் வைத்து, ஒவ்வொரு இழையாகக் கடித்துத் துப்பினார்.

"மீனு துன்றதுக்கு முன்னால நீ துன்னுடாத மாமு."

ஆறேழு இழை மிஞ்சியது. வீசினார். அவசரப்படாமல் சுற்றினார். மூன்றாவது வீச்சில் நரம்பு ஒரு இழுப்பு இழுத்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பாரை ஒன்று வெயிலில் திரும்பித் திரும்பி மேலே வந்தது. அதன் வாலோரம் மஞ்சள் இருந்தது. அது மீனுடைய மஞ்சள்தானா என்று ஃப்ரெடியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஆவணி முதல் வாரம் வெளி ஆஸ்பத்திரிச் சான்றைக் கொடுத்தார். ஒன்பது நாள் யோசித்தார்கள். பத்தாவது நாள் ஏணியில் ஏறினார். முதல் பெட்டியில் நாலு பூட்டும் ஒரே தடவையில் உட்கார்ந்தது. அந்த வருஷத்திலிருந்து மெடிக்கலுக்குப் புது அட்டை வந்தது. அதற்காக இரண்டு மூன்று பேர் அவரோடு இன்னமும் சரியாகப் பேசுவதில்லை.

அவர் ஏறின மறு வாரமே ஃப்ரெடி பழையபடி மத்தியான ஷிப்டுக்குப் போய்விட்டான். காலை ஷிப்டில் புதிதாக வந்தவன் "எடு", "வை", "நிறுத்து" மூன்றோடு நிறுத்திக்கொண்டான். கேபின் ரொம்ப அமைதியாக இருந்தது.

"மாமியா எப்படி கீறாங்க?" என்று கல்லில் வைத்துக் கேட்டார் ஜெயவேல்.

"சரியாயிட்டாங்க மாமு. நீ குடுத்த ஹார்லிக்ஸ்தான்" என்று சொல்லிவிட்டு ஃப்ரெடி வீசினான்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு, நான் ராயபுரத்தில் ஃப்ரெடியின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் மனைவி ஜூடி தற்செயலாகச் சொல்லித் தெரிந்தது. மாசி மாதம் ஒருநாள் அவன் பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தானாம். யாருக்கு என்று கேட்டதற்கு, உன் அம்மாவுக்கு என்றானாம். அவளுக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லையாம். ஜூடியின் அம்மா காசிமேட்டுக் கல்லறைக்குப் போய் அந்தத் தையோடு ஆறு வருஷம்.